தக்காளியைப் பழுக்கச் செய்வது எது? வைரஸ் தந்த விடை

(பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்)

இவ்வாண்டு எங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் எங்கள் வகுப்புக்குக் கிடைத்த மேசை மிகவும் சிறியது. அதன்மேல் நாங்கள் வைத்த பொருள்களும் எளியவைதாம்: இரண்டு மண்சட்டிகள், ஆறு தக்காளிகள், ஒரு வாழைப்பழம். நன்கு முற்றிய பச்சைத் தக்காளி மூன்றை ஒரு சட்டியில் தனியே வைத்து மூடினோம். வேறு மூன்றைக் கனிந்த வாழைப்பழத்துடன் சேர்த்து மற்றொரு சட்டியில் வைத்து மூடினோம். ஐந்தாம் நாள் கண்காட்சி. எல்லார் முன்னிலையிலும் சட்டிகளைத் திறந்தபோது வாழைப்பழத்தோடு இருந்த மூன்றும் சிவந்திருந்தன. தனியே இருந்தவற்றில் இரண்டு பச்சையாகவே இருந்தன. ஒன்று மட்டும் நுனியில் சற்றே மஞ்சள் காட்டியது.

மேசையின் ஓரத்தில் ஓர் அட்டையும் வைத்திருந்தோம். "பழம் எவ்வாறு பழுக்கிறது என்பதை அறிய விஞ்ஞானிகள் இன்று தாவர வைரஸ்களைப் பயன்படுத்துகின்றனர்" என்று அதில் எழுதியிருந்தோம். எங்கோ படித்த ஒரு வரியை அழகான எழுத்தில் எழுதி வைத்தோமே தவிர, அதன் பொருளை நாங்கள் முழுமையாக அறிந்திருக்கவில்லை.

எங்களில் ஒருத்தியின் தந்தை தக்காளி பயிரிடும் விவசாயி. அவர் அந்த அட்டையை நின்று நிதானமாகப் படித்தார். பிறகு, "ஏம்மா, போன வருஷம் வெள்ளை ஈ வந்து, இலையெல்லாம் சுருண்டு, என் தோட்டமே போச்சு. அது வைரஸ் நோய் என்று வேளாண்மை அதிகாரி சொன்னார். அந்த வைரஸைப் போய்ப் பழத்துக்குள் ஏற்றுகிறார்களா? எதற்கு?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடை தெரியவில்லை.

அருகில் நின்ற எங்கள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டர் சிரித்துக்கொண்டே, "நல்ல கேள்வி. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். தேடிப் படித்து, விடையை ஆண்டு மலரில் எழுதுங்கள்" என்றார். அவ்வாறு தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பழுத்தல் என்னும் பெரும்பணி

காய் பழமாவது நமக்கு அன்றாடக் காட்சி. ஆகவே அதில் வியப்பு எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் ஒரு தக்காளிக் காய்க்குள் அந்தச் சில நாள்களில் நடக்கும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். பச்சையம் சிதைகிறது. லைக்கோபீன் என்னும் சிவப்பு நிறப்பொருள் உருவாகிறது. செல்களின் சுவர்களை நொதிகள் மெல்ல அரிப்பதால் கெட்டியான சதை மென்மையாகிறது. புளிப்பு தணிகிறது, இனிப்பு ஏறுகிறது, மணம் பிறக்கிறது. விதை முதிரும் வரையில் பிற உயிர்களுக்குப் பிடிக்காததாய் இருந்த காய், விதை முதிர்ந்தபின் "வா, என்னைத் தின்று என் விதையைப் பரப்பு" என்று பறவைகளையும் விலங்குகளையும் அழைக்கும் பழமாகிவிடுகிறது.

இத்தனை வேலைகளுக்கும் கட்டளை கொடுப்பவை மரபணுக்கள். தக்காளியின் மரபுச் செய்தி முழுவதையும் பல நாட்டு விஞ்ஞானிகள் கூடிப் படித்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்திய ஆய்வாளர்களுக்கும் அப்பணியில் பங்கு உண்டு. அதில் சுமார் 35,000 மரபணுக்கள் இருப்பதாகக் கண்டனர். பெயர்ப் பட்டியல் கிடைத்துவிட்டது. ஆனால் யார் யாருக்கு என்ன வேலை என்பதை அந்தப் பட்டியல் சொல்லாது. அதைக் கண்டறிவதே இன்றைய பெரும்பணி.

வாயுவடிவில் ஒரு தூதன்

எங்கள் மண்சட்டியில் தக்காளியைச் சிவக்க வைத்தது எத்திலீன் என்னும் வாயு. இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மிக எளிய பொருள் அது. 1901ஆம் ஆண்டில் ரஷ்ய நாட்டின் நெல்யுபோவ் என்பவர், விளக்கு எரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீனே தம் ஆய்வுக்கூடத்துப் பட்டாணி நாற்றுகளை வளைந்து குட்டையாக வளரச் செய்தது என்று காட்டினார். 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு கேன் பழுக்கும் ஆப்பிளே எத்திலீனை வெளியிடுகிறது என்று மெய்ப்பித்தார். ஆக, பழம் தனக்குத் தானே ஊதும் சங்கு இந்த வாயு எனலாம். ஒரு பழம் ஊதினால் பக்கத்துக் காய்களுக்கும் கேட்கும்!

நம் பாட்டிமார் மாங்காயை அரிசிப் பானையிலோ வைக்கோலிலோ புதைத்து வைப்பது இதனால்தான். காயிலிருந்து வரும் எத்திலீன் காற்றில் கலைந்து போகாமல் அங்கேயே தங்கும். வாழைத்தாருக்கு மூட்டம் போடும்போது புகையில் உள்ள எத்திலீன் வேலை செய்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் வேலை தெரிந்திருந்தது அவர்களுக்கு. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது வேறு. அதிலிருந்து வரும் அசிட்டிலீனுடன் ஆர்சனிக் போன்ற நச்சுப்பொருள்களும் கலந்திருக்கக்கூடும். அம்முறை நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்வது நல்லது.

பழத்துக்குள் எத்திலீன் எவ்வாறு உருவாகிறது? அந்த வழியை 1979இல் கலிபோர்னியாவில் ஷாங் ஃபா யாங் என்பவரும் ஆடம்ஸ் என்பவரும் தெளிவுபடுத்தினர். அவ்வழியில் வேலை செய்யும் நொதி ஒன்றின் மரபணுவை 1991இல் வேறோர் ஆய்வுக்குழு அடக்கிப் பார்த்தபோது தக்காளி பழுக்கவில்லை. வெளியிலிருந்து எத்திலீனைக் கொடுத்ததும் பழுத்தது! பழுத்தலுக்கு எத்திலீன் இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒருவர் வராத நாளில்தான்...

இங்கே ஆராய்ச்சியின் அடிப்படை ஒன்றைக் காண்கிறோம். பள்ளியில் மணி அடிப்பவர் ஒருநாள் வராவிட்டால்தான் அவர் வேலையின் அருமை நமக்குத் தெரிகிறது. பாட வேளை முடிவதில்லை, உணவு வேளை தொடங்குவதில்லை. அதுபோல ஒரு மரபணுவின் வேலையை அறிய வேண்டுமானால், அதை மட்டும் பேசவிடாமல் செய்து, எந்த வேலை நின்று போகிறது என்று பார்க்க வேண்டும்.

சொல்வது எளிது. ஆனால் ஒரு மரபணு அடக்கப்பட்ட தக்காளிச் செடியை உருவாக்க, திசு வளர்ப்பு முறையில் செல்லிலிருந்து புதிய செடியை வளர்த்து, அது பூத்துக் காய்த்துப் பழுக்கும் வரை காத்திருக்க வேண்டும். பல மாதங்கள் ஆகும். 35,000 மரபணுக்களுக்கும் இவ்வாறு செய்வதென்றால் எத்தனை பேருடைய வாழ்நாள் வேண்டும்! குறுக்கு வழி ஒன்று தேவைப்பட்டது. அந்த வழியைக் காட்டியது செடிகளின் பகைவனான வைரஸ்.

புகையிலையில் தொடங்கிய கதை

வைரஸ் என்னும் ஒன்று உலகில் உண்டு என்று மனிதன் அறிந்ததே ஒரு தாவர நோயால்தான். புகையிலையின் இலைகளில் வெளிறிய பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகத் தோன்றும் நோயை 1886இல் ஆடல்ஃப் மேயர் விவரித்தார். நோயுற்ற இலையின் சாறு நல்ல செடிக்கும் நோயைத் தந்தது. பாக்டீரியாவையும் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடிகட்டியினூடே அந்தச் சாற்றைச் செலுத்தினாலும் அதன் நோய்த்தன்மை குறையவில்லை என்று 1892இல் ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி கண்டார். 1898இல் ஹாலந்தின் பெயரிங்க், இது பாக்டீரியாவினின்றும் வேறான ஒன்று என்று துணிந்து கூறினார். 1935இல் அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். அவருக்கு 1946இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்தப் புகையிலை வைரஸ் ஒரு மெல்லிய கோல் போன்றது. வெளியே புரத உறை, உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழை. அந்த இழையில் சுமார் 6,400 எழுத்துகளில் அதன் செய்தி முழுவதும் அடங்கிவிடுகிறது. தானாக உண்ணாது, வளராது. செடியின் செல்லுக்குள் புகுந்து, அச்செல்லின் கருவிகளைக் கொண்டே தன் படிகளை எடுத்துப் பெருக்கும்.

அப்படியானால் செடி சும்மாவா இருக்கும்? 1928இல் அமெரிக்காவில் விங்கார்டு என்பவர் ஒரு விந்தையைக் கண்டார். வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலைச் செடியின் அடி இலைகள் நோயுற்றிருந்தன. ஆனால் பின்னர்த் துளிர்த்த மேல் இலைகள் நலமாயிருந்தன. அந்த இலைகளில் மீண்டும் அதே வைரஸைத் தடவினாலும் நோய் வரவில்லை. செடிக்கு ஏதோ ஒரு காவல்முறை இருக்கிறது என்பது தெரிந்தது. அது எப்படிப்பட்டது என்பது விளங்க மேலும் எழுபது ஆண்டுகள் ஆயின.

வெளுத்துப் போன பெட்டூனியா

விளக்கம் ஒரு பூவிலிருந்து வந்தது. கலிபோர்னியாவில் கேரலின் நெப்போலி அம்மையாரும் ரிச்சர்டு ஜோர்கென்சனும் ஊதா நிறப் பெட்டூனியாவுக்கு மேலும் ஆழ்ந்த நிறம் தர எண்ணி, நிறம் தரும் மரபணுவின் இன்னொரு படியைச் செடிக்குள் சேர்த்தனர். பூ இன்னும் ஊதாவாகும் என்று எதிர்பார்த்தனர். ஆனால் சில செடிகளில் பூக்கள் முழு வெள்ளையாகவும், சிலவற்றில் வெள்ளையும் ஊதாவும் கலந்தும் பூத்தன! கூடுதலாக வந்த மரபணு, முன்பிருந்த மரபணுவையும் சேர்த்து ஊமையாக்கிவிட்டது. 1990இல் இச்செய்தி வெளிவந்தது. அதே ஆண்டில் ஹாலந்திலும் இதே விளைவு கண்டறியப்பட்டது.

தோல்வி என்று அந்தச் செடிகளைத் தூக்கி எறிந்திருக்கலாம். எறியாமல் "ஏன்?" என்று கேட்டனர். அந்தக் கேள்வி வீண்போகவில்லை.

1990இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் டொனால்டு கிரியர்சனுடன் சேர்ந்து, தக்காளியில் எத்திலீன் உண்டாக்கும் மரபணு ஒன்றை அடக்கிக் காட்டிய இளைஞர் ஆண்ட்ரூ ஹாமில்டன். பின்னர் அவர் நாரிச் நகரில் டேவிட் பால்கோமின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். மரபணு மௌனமாகிய செடிகளில் மட்டும் சுமார் 25 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் இருப்பதை இருவரும் 1999இல் வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்த செடிகளில் எத்திலீன் மரபணு மௌனமான தக்காளியும் ஒன்று. வைரஸ் தாக்கிய செடிகளிலும் அதே அளவிலான துண்டுகள் இருந்தன! இதற்கு ஓராண்டு முன், 1998இல், ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு சிறு புழுவில் இரட்டை இழை ஆர்.என்.ஏ. மரபணுவை அடக்கும் என்று காட்டியிருந்தனர். அதற்காக 2006இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பூவும் புழுவும் தக்காளியும் ஒரே உண்மையைக் கூறின.

கோட்டைக் காவலன்

இதை நாங்கள் எங்களுக்குள் ஒரு கதையாகச் சொல்லிப் புரிந்துகொண்டோம். நீங்களும் கேளுங்கள்.

செல்லை ஒரு கோட்டை என்று கொள்வோம். அரண்மனைப் பெட்டகத்தில் மூலப் பதிவேடு பத்திரமாக இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. அதிலிருந்து கட்டளைகளை ஓலையில் படியெடுத்துச் சமையற்கூடம், நெசவுக்கூடம் முதலிய இடங்களுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஓலைகளே தூது ஆர்.என்.ஏ.

பகைவன் தன் ஓலையோடு கோட்டைக்குள் புகுகிறான். அவன் ஓலை பெருகும்போது இரட்டை ஓலையாக ஒட்டிக்கொள்கிறது. கோட்டையில் முறையான ஓலைகளோ ஒற்றையாகவே செல்லும். ஆகவே இரட்டை ஓலையைக் கண்டதும் காவலன் ஐயுறுகிறான். அதைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகிறான். வெட்டும் இந்த நொதிக்கு டைசர் என்று பெயர். ஒவ்வொரு துண்டும் 21 முதல் 24 எழுத்து நீளம் இருக்கும். பிறகு ஆர்கோநாட் என்னும் இன்னொரு காவலன் ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வழியில் போகும் ஓலைகளோடு எல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிறான். எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் அந்த ஓலையைக் கிழித்துவிடுகிறான். அவனுக்கு ஓலையின் பொருள் தெரியாது. பொருத்தம் பார்ப்பது ஒன்றே அவன் அறிந்தது.

இங்கேதான் விஞ்ஞானியின் தந்திரம் வருகிறது. பகைவனின் ஓலைக்குள், கோட்டையின் சொந்தச் சமையல் ஓலையிலிருந்து ஒரு வரியை எழுதிச் சேர்த்துவிட்டால்? காவலன் அதையும் வெட்டுவான். அதையும் கையில் பிடித்துத் தேடுவான். கோட்டையின் சொந்தச் சமையல் ஓலைகளையே கிழித்து எறிவான். அன்று சமையல் நின்றுபோகும். "ஓ, இந்த வரி சமையலுக்கு உரியது" என்று வெளியில் நின்று பார்ப்பவர்க்கு விளங்கிவிடும். பெட்டகத்தில் உள்ள மூலப் பதிவேட்டுக்கு ஒரு கீறலும் இல்லை.

வைரஸைக் கொண்டு மரபணுவை மௌனப்படுத்தும் முறை என்பது இதுவே. 1995இல் அமெரிக்காவில், செடிகளின் கரோட்டின் வகை நிறப்பொருள்களை உண்டாக்கும் மரபணு ஒன்றின் துண்டைப் புகையிலை வைரஸில் ஏற்றி ஒரு புகையிலை இனச் செடிக்குக் கொடுத்தபோது இலைகள் வெள்ளை வெளேரென்று வெளுத்தன. வெயிலிலிருந்து பச்சையத்தைக் காக்கும் அந்நிறப்பொருள்கள் இல்லாமற்போனதே காரணம்.

காம்பில் ஓர் ஊசி

நோய் மிகுதியாகத் தரும் வைரஸ் இந்த வேலைக்கு ஆகாது. மரபணு அடங்கியதால் வந்த மாற்றம் எது, நோயால் வந்த மாற்றம் எது என்று பிரித்தறிய முடியாது போகும். ஆகவே தக்காளிக்கு ராட்டில் வைரஸ் எனப்படும் மற்றொரு புகையிலை வைரஸைத் தேர்ந்தெடுத்தனர். அது தக்காளிச் செடியில் மென்மையாகவே நடந்துகொள்கிறது. அதன் செய்தி இரண்டு ஆர்.என்.ஏ. இழைகளில் பிரிந்திருக்கிறது. முதல் இழை பெருகுவதையும் பரவுவதையும் கவனிக்கிறது. இரண்டாம் இழையில், மண்ணில் உள்ள நூற்புழுக்களின் வழியே செடி விட்டுச் செடி தாவுவதற்கான பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஆராய வேண்டிய மரபணுவின் சில நூறு எழுத்துகளைப் பொருத்துகிறார்கள். பிறகு அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியாவில் அதை ஏற்றிச் செடிக்குள் செலுத்துகிறார்கள்.

2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தினேஷ்குமார் குழுவினர் தக்காளிச் செடியில் இம்முறையை நடத்திக் காட்டினர். எத்திலீனின் செயலுக்குத் தடைக்கட்டை போல் இருக்கும் ஒரு மரபணுவை அவர்கள் அடக்கினர். உடனே செடி, எத்திலீன் கொடுக்காமலே எத்திலீன் பட்டது போல் நடந்துகொண்டது!

செடியில் முடிந்தது, பழத்தில் முடியுமா? பெய்ஜிங்கில் உள்ள சீன வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் முடியும் என்று காட்டினர். பழத்தின் மேற்பரப்பில், தண்டில், காம்பில் என்று பல இடங்களில் ஊசியால் செலுத்திப் பார்த்தனர். பறித்த பழத்திலும் செய்து பார்த்தனர். மகரந்தச் சேர்க்கை நடந்து சுமார் 10 நாள் ஆன இளங்காய் செடியில் இருக்கும்போதே அதன் காம்பில் ஊசி போடுவதே மிகச் சிறந்தது என்று கண்டனர். காய் வளர வளர வைரஸும் அதனுள் பரவியது. எத்திலீன் கொண்டுவரும் செய்தியைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் ஈ.ஐ.என்.2 என்னும் மரபணுவை அவ்வாறு அடக்கியபோது தக்காளி பழுப்பது தடைபட்டது. சங்கு ஊதினாலும் கேட்கும் காது வேண்டுமல்லவா? அந்தக் கேட்கும் வேலையில் இந்த மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று. பல மாத வேலை சில வாரங்களில் முடிந்தது.

இங்கே ஒரு சிறு குறிப்பு. எங்கள் கண்காட்சியில் வாழைப்பழம் இல்லாத சட்டி ஒன்றையும் வைத்தோம் அல்லவா? அதுபோலவே இவர்களும் தக்காளி மரபணுத் துண்டு இல்லாத வெறும் வைரஸைச் சில காய்களில் செலுத்தி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவ்வாறு ஒப்பிடாமல் சொல்லும் முடிவை விஞ்ஞானம் ஏற்பதில்லை.

ஊதாத் தக்காளி

இம்முறையில் ஒரு தொல்லையும் உண்டு. வைரஸ் பழம் முழுவதும் ஒரே சீராகப் பரவாது. ஓரிடத்தில் மரபணு அடங்கும். அடுத்த இடத்தில் அடங்காது. நிறம் மாறினால் கண்ணால் காணலாம். மணமோ சத்தோ மாறினால் எந்தப் பகுதியை வெட்டிச் சோதிப்பது?

இதற்கு அழகான வழி ஒன்று கிடைத்தது. 2008இல் நாரிச் நகரில் கேத்தி மார்ட்டின் அம்மையாரின் குழுவினர், ஸ்னாப்டிராகன் என்னும் பூச்செடியின் இரண்டு மரபணுக்களைத் தக்காளியில் சேர்த்து, நாவற்பழம் போன்ற ஊதா நிறத் தக்காளியை உருவாக்கியிருந்தனர். ஸ்பெயினின் வாலென்சியா நகர ஆய்வாளர்கள் 2009இல் அந்தத் தக்காளியையே எடுத்துக்கொண்டனர். ஆராய வேண்டிய மரபணுவோடு ஊதா நிற மரபணுக்களையும் சேர்த்து அடக்கும்படி வைரஸை அமைத்தனர். வைரஸ் வேலை செய்த இடங்களில் ஊதா மறைந்து சிவப்பு தெரிந்தது. "இங்கே பார்" என்று பழமே சுட்டிக்காட்டியது!

மீண்டும் சோதித்தால்...

எங்களை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி இனி வருவது.

சி.என்.ஆர். என்னும் ஒருவகைத் தக்காளி உண்டு. அது சிவப்பதில்லை. தோல் வெளிறி மஞ்சளாக இருக்கும். செல்கள் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாமல் சதை மாவு போல் இருக்கும். எந்த மரபணுவின் குறையால் இப்படி ஆகிறது? 2006இல் இங்கிலாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு மரபணுவைச் சுட்டிக் காட்டினர். நல்ல தக்காளியில் அந்த மரபணுவை வைரஸால் மௌனப்படுத்தியபோது, பழுக்காத திட்டுகள் தோன்றின. சி.என்.ஆர். தக்காளியில் அந்த மரபணுவின் எழுத்துகள் மாறவில்லை. எழுத்துகளின்மேல் ஒட்டிய வேதி அடையாளங்களே மாறியிருந்தன என்பதும் தெரிந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று எல்லாரும் பாராட்டினர்.

பின்னர் கிரிஸ்பர் என்னும் புதிய கருவி வந்தது. டி.என்.ஏ.யையே குறித்த இடத்தில் வெட்டும் கத்தரிக்கோல் அது. அதை உருவாக்கிய இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா என்னும் இரண்டு பெண்மணிகளுக்கு 2020இல் நோபல் பரிசு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்தக் கத்தரிக்கோலால் 2019இல் அதே மரபணுவை வெட்டிப் பார்த்தனர். தக்காளி வெளிறிப் போகும் என்று எதிர்பார்த்தனர். ஆனால் அது சிறிது தாமதமாக, ஏறக்குறைய வழக்கம்போலவே பழுத்துவிட்டது!

அப்படியானால் வைரஸ் பொய் சொன்னதா? கோட்டைக் காவலனை நினைவுகூருங்கள். அவனுக்குப் பொருள் தெரியாது. எழுத்துப் பொருத்தமே தெரியும். ஒரே மாதிரி வரிகளை உடைய உறவு மரபணுக்களின் ஓலைகளையும் அவன் சேர்த்துக் கிழித்திருக்கக்கூடும். அல்லது ஒரு மரபணு அடியோடு இல்லாதபோது அதன் உறவினர் அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கக்கூடும். இது குறித்து ஆராய்ச்சி தொடர்கிறது. பழுத்தலுக்குத் தலைமை தாங்குவதாகக் கருதப்பட்ட ரின் என்னும் மற்றொரு மரபணுவின் கதையும் 2017இல் ஜப்பானில் இவ்வாறே திருத்தப்பட்டது. அதை முழுவதும் வெட்டிய பின்னும் தக்காளி ஓரளவு பழுக்கத் தொடங்கியது.

நாங்கள் முதலில் இதைப் படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. "இத்தனை ஆண்டு உழைத்தது தவறா?" என்றோம். அதற்குச் சிஸ்டர், "தவறு இல்லை. ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். வைரஸ் விரைந்து வந்து சொல்லும் முதல் சாட்சி. மற்றச் சாட்சிகளையும் கேட்க வேண்டும்.

தோட்டக்காரருக்கு எங்கள் விடை

இப்போது எங்கள் தோழியின் தந்தைக்கு விடை சொல்லும் தகுதி எங்களுக்கு ஓரளவு வந்திருக்கிறது.

ஐயா, உங்கள் தோட்டத்தை அழித்த இலைச்சுருள் வைரஸ் வேறு; இந்த ஆராய்ச்சிக்குரிய வைரஸ் வேறு. இது தன் போக்கில் பரவாதபடி குறைக்கப்பட்ட வைரஸ். அடைக்கப்பட்ட ஆய்வுக்கூடச் செடிகளில் மட்டும் பயன்படுகிறது. அந்தப் பழங்கள் சந்தைக்கு வருவதில்லை. அவற்றை யாரும் உண்பதும் இல்லை. அடக்கம் பொதுவாக அந்தச் செடியோடு முடிந்துவிடும். மூலப் பதிவேடு மாறாததால் புதிய இரகமாக ஆகாது. இது பழத்தை விற்கும் வழி அன்று. பழத்தைப் புரிந்துகொள்ளும் வழி.

புரிந்துகொண்டு என்ன பயன்? விலை வீழ்ந்த நாளில் பறிப்புக் கூலிக்கும் கட்டாது என்று தக்காளியைச் செடியிலேயே விட்டுவிட நேரும் துயரம் உங்களுக்குத் தெரியும். பழம் இன்னும் பத்து நாள் கெடாமல் இருந்தால் நல்ல விலைக்குக் காத்திருக்கலாம் அல்லவா? எந்த மரபணு நிறத்தைத் தருகிறது, எது சதையை இளக வைக்கிறது என்று தனித்தனியே அறிந்தால்தான், சுவையைக் கெடுக்காமல் கெட்டித்தன்மையை மட்டும் நீட்டிக்கும் இரகங்களைத் தேட முடியும். 2010இல் புது டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபுத்தொகுதி ஆராய்ச்சி நிறுவனத்தார், சதையை இளக்கும் இரண்டு நொதிகளின் மரபணுக்களை ஆர்.என்.ஏ. வழியே அடக்கி, தக்காளி சுமார் 30 நாள் கூடுதலாகக் கெடாமல் இருப்பதைக் காட்டினர். அவர்கள் பயன்படுத்தியது வைரஸ் அன்று. ஆயினும் அதே காவலன்தான். ஆய்வுக்கூடத்தில் கண்ட இத்தகைய பலன் வயலுக்கு வரப் பல படிகள் உண்டு.

இதையெல்லாம் அவரிடம் நேரில் சென்று சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "திருடனைக் கொண்டே வீட்டின் பூட்டு எங்கே இளகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள் போல" என்றார். நாங்கள் இத்தனை பக்கங்களில் எழுதியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்! பிறகு, "ஆனால் என் வெள்ளை ஈக்கு இன்னும் வழி சொல்லவில்லையே" என்று சிரித்தார். அது அடுத்த ஆண்டு மாணவியருக்கு நாங்கள் விட்டுச்செல்லும் கேள்வி.

சின்னத் தங்கையரே, மண்சட்டிச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். முற்றிய பச்சைத் தக்காளியாகத் தேர்ந்தெடுங்கள். மிக இளங்காய் பழுக்காது. வாழைப்பழம் இல்லாத சட்டியை வைக்க மறந்துவிடாதீர்கள். நாள்தோறும் கண்டதைக் கண்டபடி குறித்து வையுங்கள். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் தக்காளியைக் குழம்புக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடாமல், "ஏன்?" என்று கேளுங்கள். வெளுத்துப் போன பெட்டூனியாவைக் கண்டவர்கள் கேட்டதும் அந்த ஒரு கேள்வியே.